தசமிக்கும் ஏகாதசிக்கும் நடுவே ஒரு வியாழக்கிழமை

"ஐப்பசி. வெள்ளிக்கிழமை. தேய்பிறை ஏகாதசி. அண்ணன் முதலாம் ஆண்டு திதி. காலையிலேயே வந்து சேரவும். இல்லையென்றால் பெரியவன் கொடுப்பான்."

தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றின் மேல் சிவப்பு மையில் இப்படி எழுதி, அதைக் கைபேசியில் படமெடுத்து மன்னார்குடியிலிருந்து அனுப்பியிருந்தார் என் மனைவியின் சித்தப்பா. வந்த தேதியைக் குறித்து அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். அது என் பழக்கம். பிழைப்புக்குக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை. மிச்ச நேரத்தில் சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்துக் கடைகள் எப்போது திறந்தன, யார் கைக்கு எப்போது மாறின, எந்தப் பெயர்ப்பலகை எந்த வருடம் இறங்கியது என்று விசாரித்து எழுதி வைப்பேன். யாரும் கேட்டு எழுதுவதல்ல. தேதி தெரியாத செய்தி எனக்குப் பாதிச் செய்தி, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் இருந்த கடைசி வரிக்குப் பின்னால் ஒரு வருடக் கதை இருக்கிறது.

என் மனைவி ஒரே பெண். அவளுடைய அப்பா மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, அவர் மன்னார்குடி வீட்டில் இறந்தார். மறுநாள் நாங்கள் போய் இறங்கியபோது, கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு ஏற்கெனவே முடிந்திருந்தது. சித்தப்பாவின் மூத்த மகன் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றான். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "நான் வைக்கிறேன்" என்றாள் இவள். அழுதுகொண்டு சொல்லவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. தான் வேலை பார்க்கும் கப்பல் துறையில் "இந்த வால்வை நான் பார்க்கிறேன்" என்று சொல்கிற அதே குரல்.

சித்தப்பா மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இவளிடம் திரும்பினார்.

"கொள்ளி ஒரு நாள் காரியம் தாயி. வை. நான் தடுக்கல. ஆனா வருஷா வருஷம் திதி குடுக்கறது அப்படியில்ல. தலைத்திதிக்கு நீ வந்து நின்னு குடுத்தேன்னா, அப்புறம் எப்பவும் நீதான். வெளிநாட்டு உத்தியோகம், லீவு கெடைக்கல, பிளேன் கெடைக்கலன்னு நின்னுட்டேன்னா, என் பையன் எடுத்துக்குவான். சரியா?"

"சரி சித்தப்பா."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அப்பாவுக்குத் தன் கையால் திதி கொடுக்கும் உரிமை ஒரு வருடத்துக்கு அப்படித் தொங்கிக்கொண்டு நின்றது.

அந்த ஒரு வருடத்தை அவள் நடத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் அவள் திட்டப் பொறியாளர். ஒரு கப்பல் உள்ளே வந்தால், எந்த வேலை எதற்குப் பின்னால், எந்த ஆட்கள் எந்த நாளில் என்று வரிசைப்படுத்தி, கடைசியில் கப்பல்காரரிடம் திருப்பி ஒப்படைக்கும் வரை அவள் தலையில்தான். நடுவில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகில் போய் அங்குள்ள பட்டறையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருமுறை கொரியாவின் பூசான் துறைமுகம் வரை போனாள். இவ்வளவுக்கும் நடுவில்தான் மன்னார்குடி. சில வாரங்களுக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மாலை, துறையிலிருந்து நேராகச் சாங்கி விமான நிலையத்துக்குப் போவாள். இரும்பு முனை வைத்த வேலைக் காலணியை மாற்ற நேரமிருக்காது. சோதனை வாயிலில் அது கூவும். "ஆன்ட்டி, மறுபடியும் நீங்களா?" என்று அங்கிருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி சிரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. ஞாயிறு திரும்பி வருவாள். திங்கள் காலை செம்பவாங். அம்மாவின் ஓய்வூதியத் தாள்கள், மின் இணைப்புப் பெயர் மாற்றம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் விமானத்தில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். அவள் அப்பாவின் நினைவில் உடைந்து உட்கார்ந்ததை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மின்விளக்கு ஒன்று போய், அதை மாற்ற நாற்காலி மேல் ஏறி நின்றபோது. விளக்கை மாற்றி முடித்த பிறகுதான் அழுதாள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கைக்கடிகாரத்தை மாற்றவே மாட்டாள். இந்தியாவிலும் சிங்கப்பூர் நேரம்தான் ஓடும். மன்னார்குடியில் யாராவது மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்த்து, மனத்துக்குள் இரண்டரை மணி நேரம் கழித்துச் சொல்வாள்.

"இங்கயும் அங்கயும் ஓடறவ, தெனமும் முள்ளத் திருப்பிக்கிட்டே இருந்தா நான் எந்த ஊர்ல இருக்கேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்" என்பாள்.

இந்த ஐப்பசிக்கு எல்லாம் சரியாகத்தான் அமைந்திருந்தது. கப்பல் ஒன்றை வியாழக்கிழமை நண்பகலுக்குள் ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை விமானம். இரவு திருச்சி. வெள்ளி காலை மன்னார்குடி. தீபாவளி நெருக்கத்தில் திருச்சி விமானத்தில் இடம் கிடைப்பது பெரும்பாடு. அவள் ஆடி மாதமே எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாமியாருடன் வழக்கமான கைபேசிப் பேச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மன்னார்குடி வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மணியை எடுத்துவிட்டு ஏதோ பாட்டுச் சத்தம் வைத்துவிட்டார்களாம். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

"மணின்னா மணி மாதிரி இருக்கணும்டி. இது ஐஸ் வண்டி வர்ற மாதிரி இருக்கு. உங்கப்பா போன அன்னைக்கு அந்த மணி அடிச்சுது பாரு, இன்னும் காதுல இருக்கு. அவரு கண்ணை மூடி விட்டுட்டு உக்காந்திருக்கேன், ஒரு மனுஷி பக்கத்துல இல்ல. அப்ப அடிக்குது. புள்ளைங்க பூரா கத்திக்கிட்டு ஓடுதுங்க."

"எந்த மணிம்மா?"

"எந்த மணின்னா? பள்ளிக்கூடம் விடற மணி."

"பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விட்டுடும். அப்பா ஆறு மணிக்கு..."

பாதியில் நிறுத்தினாள். இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் மாமியார், "என்னாடி, லைன் போயிட்டுதா? மாப்ள, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மாமனார் இறந்தபோது பக்கத்தில் மாமியார் மட்டும் இருந்தார். செம்பவாங்கிலிருந்து இவள் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசி வழியாக அவள் பார்த்த கடைசி மூச்சு அது. அப்போது அவள் கடிகாரத்தில் ஆறு மணி. சித்தப்பா அன்று மகன் வீட்டுக்குத் திருப்பூர் போயிருந்தார். அவர் விஷயம் கேள்விப்பட்டு, அண்ணியிடம் நேரம் கேட்டால் அழுகைதான் பதிலாக வந்தது என்பதால், சாங்கியில் விமானத்துக்குக் காத்திருந்த இவளைக் கூப்பிட்டார். "எத்தனை மணிக்குத் தாயி?" "ஆறு மணிக்கு சித்தப்பா." அந்த நேரத்தில் யாரும் கழித்துப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஏகாதசி.

திதி நள்ளிரவில் மாறுவதில்லை. சூரியன் எழும்போதும் மாறுவதில்லை. சந்திரன் நடக்கிற கணக்கு அது. பகலிலும் இரவிலும் எந்த நேரத்திலும் ஒன்று முடிந்து அடுத்தது பிறக்கும். இறந்தவருக்கு, மூச்சு நின்ற நேரத்தில் எந்தத் திதி ஓடியதோ அதுதான் வருடா வருடம் அவருடைய நாள். பழைய காலண்டர்களை நான் எறிவதில்லை. போன வருடத்துச் சிங்கப்பூர்க் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். இந்திய நேரத்துக்குக் கழித்தால், அன்று ஏகாதசி பிறந்தது ஐந்து மணியை ஒட்டி. மாமனார் போனது மன்னார்குடிக் கணக்கில் மூன்றரை மணிக்கு. அப்போது தசமி.

ஒரு திதி தள்ளிப் போனால் என்ன என்று கேட்கலாம். "ஏகாதசி மரணம், துவாதசி தகனம்" என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அப்படிப் போகிறவர் புண்ணியம் செய்தவர். மாமனாரைத் தகனம் செய்ததும் மறுநாள் பொழுது சாய்ந்த பிறகுதான், துவாதசி பிறந்து. சித்தப்பா அந்தச் சொல்லையே பெரிய எழுத்தில் போட்டு அண்ணனுக்குச் சுவரொட்டி அடித்தார். வருடம் முழுக்க மாமியாரிடம் துக்கம் விசாரித்தவர்கள் எல்லாரும் சொன்னது அதைத்தான். ஏகாதசியில் போனார், பாக்கியசாலி.

இந்த வருடம் தசமி வியாழக்கிழமை வந்தது. கப்பலை ஒப்படைக்கும் வியாழக்கிழமை.

"யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை போய் நின்னு குடுத்துட்டு வந்துடலாம். உன் உரிமையும் நிக்கும். உங்கம்மா மனசும் கோணாது" என்றேன்.

"நீங்களா சொல்றீங்க? ஒரு கடைப் பலகை எப்ப மாட்டினாங்கன்னு மூணு தடவ போய்க் கேட்டுட்டு வர்ற மனுஷன்."

"கடைப் பலகை வேற."

"அப்பா வேறயா?"

பழைய காலண்டரைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். மறுநாள் துறையில் அவள் மேலாளரிடம் பேசினாள். வயதான சீனர். வீட்டில் மூதாதையருக்கு ஊதுவத்தி ஏற்றாமல் ஒரு நாளும் வெளியே கிளம்பாதவர் என்று சொல்வாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு அவர் சொன்னாராம்: "புதன்கிழமையே போறதுக்கு உன்னை விட முடியாது லா. வியாழன் மத்தியானம் வரைக்கும் நீ வேணும். ஆனா காலையில உன் கோயிலுக்குப் போயிட்டு வா. கப்பல் எங்க போகும்? நீ கையெழுத்துப் போட்டாத்தான் அது நகரும்."

விமானத்தில் முன்னால் இடமும் இல்லை. ஆக, வியாழன் காலை இங்கேயே கொடுப்பது என்று முடிவாயிற்று. முடிவான உடனே அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பேச்சுக்குத்தான் அவள் பயந்தாள். உட்காரவில்லை, சன்னல் ஓரமாக நின்றுகொண்டு பேசினாள். தான் சொன்னது சிங்கப்பூர் மணி என்பதை விளக்கினாள். ஏகாதசி இல்லை, தசமி என்று சொல்லி முடித்தாள்.

மாமியார் கொஞ்சம்கூட அதிரவில்லை.

"எனக்குத் தெரியும்டி."

"என்னம்மா தெரியும்?"

"அவரு போயி, நான் வெளிய வந்து பக்கத்து வீட்டம்மாவக் கூப்பிட்டு, அவங்க வந்து, அதுக்கப்புறம்தான பொழுது எறங்குச்சு. ஆறு மணிக்கு எப்படிப் போயிருப்பாரு? நீ ஆறுன்னு சொன்ன, உங்க சித்தப்பா ஏகாதசின்னு குதிச்சாரு, ஊரே பாக்கியசாலின்னுச்சு. நல்லது சொல்றாங்க, நான் ஏன் எந்திரிச்சு இல்லன்னு சொல்லணும்?"

"அப்ப ஏம்மா எங்கிட்டயாவது சொல்லல?"

"நீ படிச்சவ, கப்பல் ஓட்டறவ. நீ சொன்னா கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

"நான் கப்பல் ஓட்டல. ரிப்பேர் பாக்கறேன்."

"அதான். ரிப்பேர் பண்ணு."

இவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு அடுத்த சிக்கலைச் சொன்னாள். திதி கொடுத்தால் காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். இங்கே வெளியில் பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது. பிடித்தால் அபராதம்.

"காக்காவுக்குக் கூடவா சோறு வைக்கக் கூடாது? என்னா ஊருடி அது! நீ அங்க குடு. காக்காவுக்கு நான் இங்க வைக்கிறேன், மாடியில. வியாழக்கிழமையே வைக்கிறேன்."

வியாழக்கிழமையே வைக்கிறேன் என்றால், ஏகாதசியை விட்டுக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். பக்கத்துச் சித்தப்பா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அடுத்தது சித்தப்பா. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மாமியாரே தடுத்தார். இவள் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டாள். அதனால் நானும் கேட்டேன்.

"யாரு சொன்னா தசமின்னு?"

"நான்தான் சித்தப்பா. போன வருஷம் ஆறு மணின்னு சொன்னதும் நான்தான்."

"அப்ப எங்க அண்ணன் சிங்கப்பூர் மணிக்கா செத்தாரு?"

"அவரு மன்னார்குடி மணிக்குத்தான் போனாரு. நான் சிங்கப்பூர் மணியில சொல்லிட்டேன்."

"ஏகாதசி மரணம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போஸ்டர் ஒட்டுனேனே தாயி. இப்ப அது மேல ஒரு பேப்பர ஒட்டச் சொல்றியா?"

"போஸ்டர்லாம் மழையில போயிருக்கும் சித்தப்பா."

"கிண்டலா?" பிறகு குரல் மாறியது. "சரி. தசமின்னே வச்சுக்குவம். தசமி வியாழக்கிழம. அன்னைக்கு நீ இங்க நிக்க முடியாது. நம்ம பேச்சு என்ன?"

"வந்து நின்னு குடுக்கணும்னு பேச்சு."

"அப்ப?"

"வியாழக்கிழம இங்க குடுப்பேன். வெள்ளிக்கிழம அங்க வந்து நிப்பேன். அதுக்கு மேல நீங்க சொல்றதுதான்."

"பாப்போம்" என்று வைத்துவிட்டார். அந்த "பாப்போம்" நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் இருந்தது.

புதன்கிழமை மாலை சாமான் வாங்க தேக்காவுக்குப் போனேன். தீபாவளி விளக்குகள் சாலைக்கு மேலே வளைவு வளைவாக எரிந்துகொண்டிருந்தன. தற்காலிகக் கடைகளில் முறுக்கு, புடவை, மத்தாப்பு மாதிரி மின்னும் தோரணங்கள். தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் வழக்கமாகப் போகும் பூசைச் சாமான் கடையில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் நிற்பார். தலை நிமிராமல் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வாங்கண்ணே. தீபாவளிக்கு என்ன, எண்ணெயா, விளக்கா?"

"கறுப்பு எள்ளு. தர்ப்பை. பச்சரிசி."

இப்போது நிமிர்ந்தார். "யாருக்குண்ணே?"

"மாமனாருக்கு. தலைத்திதி. வீட்டுக்காரம்மா கொடுக்கறாங்க."

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு அம்மா, "பொண்ணா குடுக்குது?" என்றார். கடைக்காரர் அவருக்குப் பதில் சொல்லாமல், எள்ளை இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கட்டினார். "எங்கம்மாவுக்கு எங்க அக்காதான் குடுக்குது. நான் இங்க நின்னு மத்தவங்களுக்கு எள்ளு கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். அடுத்த ஆளிடம், "சொல்லுங்கக்கா, உங்களுக்கு மத்தாப்பா?" என்றார்.

வியாழன் காலை மழை. கேலாங் ஈஸ்டில் உள்ள சிவன் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தீபாவளி வேலைக்காக மண்டபத்தில் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஐயர் இடம் செய்து கொடுத்தார். நேரத்தில் ஏற்பட்ட குழப்பத்தை நான் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "உயிர் எந்த ஊர்ல பிரிஞ்சுது? அந்த ஊர் மணிதான் கணக்கு. நாம எங்க உக்காந்து குடுத்தாலும் சரி." பிறகு அவளைப் பார்த்து, "தம்பி யாரும் இல்லையாம்மா?" என்றார்.

"இல்ல சாமி. நான்தான்."

அவர் தர்ப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்டபோது தயங்காமல் சொன்னாள். பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் நினைத்திருக்கவில்லை. வேலைக்குப் போகும் நீலச் சட்டையில்தான் இருந்தாள், முழங்கை வரை மடித்துவிட்டு. தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் கலந்து கட்டைவிரல் பக்கமாக விட்டாள். ஒரு துளியும் சிந்தவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தும், அவள் கை அவ்வளவு நிதானமானது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

முடிந்த உடனே விபூதியோடு செம்பவாங்குக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். இயந்திர அறையில் கடைசிச் சோதனை. கப்பல் தலைவர் ஒவ்வொன்றாகக் கேட்க, இவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேலாளர் குனிந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரப் பட்டையின் இடுக்கில் இரண்டு எள் ஒட்டிக்கொண்டிருந்தன. "துடைக்காதே, இருக்கட்டும் லா, கப்பலுக்கு நல்லது" என்றாராம். நண்பகல் தாண்டிச் சற்று நேரத்தில் கையெழுத்தாயிற்று.

சாங்கியில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டாள்.

"காக்கா வந்துச்சாம்மா?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு சோத்தக் கொத்துச்சு. இன்னொன்னு உங்கப்பா மாதிரியே அப்பளத்த மட்டும் தூக்கிக்கிட்டுப் போயிட்டுது."

"சித்தப்பா பாத்தாரா?"

"மாடியில துணி காய வைக்கிற மாதிரி நின்னாரு. மழ பெய்யுது, என்னாத்தக் காய வச்சாரோ."

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மன்னார்குடித் தெருவில் இறங்கும்போது தூறல் நின்றிருந்தது. மாமியார் வாசலில் இருந்தார். கூடத்தில் பழைய கூட்டம், போன வருடம் அந்தப் பேச்சைக் கேட்ட அதே முகங்கள். மூலையில் சித்தப்பாவின் மூத்த மகன் நின்றான், வேட்டி கட்டி, தோளில் துண்டோடு. ஐயர் இலையைப் போட்டு அரிசி பரப்பிவிட்டு, "யாரு உக்காரப் போறது?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். என் மனைவி முன்னால் போகவில்லை. பின்னால் நகரவும் இல்லை. சொன்னபடி வந்து நின்றாள், அவ்வளவுதான்.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "நேத்துக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன் சித்தப்பா."

"கப்பலு?"

"குடுத்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "நீ வாயத் தெறக்காம வந்து நின்னிருந்தா இன்னைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. எனக்கு என்ன தெரியப் போவுது?" என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னாத்துக்குடா மாப்பிள்ளை மாதிரி நிக்கிறே? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இலை நறுக்கப் போ. அக்கா உக்காரட்டும்."

அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "இதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன், கேட்டாத்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனான்.

"நேத்து அவ கணக்குக்கு. இன்னைக்கு என் கணக்குக்கு. ரெண்டுக்கும் அவதான்" என்று சித்தப்பா ஐயரிடம் சொன்னார். கூடத்துக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அதில் மத்தியானம் ஆகியிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் சித்தப்பா எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்தார். தசமியை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது இரண்டாவது கரண்டி ரசத்தில் தெரிந்தது. "மாப்ளே, நீங்க பாத்தது திருக்கணிதம். எங்களுக்கு எப்பவும் வாக்கியப் பஞ்சாங்கம். ரெண்டுக்கும் மணிக் கணக்குல வித்தியாசம் வரும். வாக்கியப்படி அன்னைக்கு மூணு மணிக்கு முன்னாடியே ஏகாதசி பொறந்துட்டுது. மூணரைக்குப் போனாலும் எங்க அண்ணன் ஏகாதசிதான்."

"அந்தப் பஞ்சாங்கம் இருக்கா மாமா? நான் பாக்கலாமா?"

"பீரோவுல இருக்கு."

"சாப்ட்டுட்டுப் பாக்கலாமா?"

"சாவி உங்க மாமிகிட்ட இருக்கு. அவ திருப்பூர்ல இருக்கா. மோர் ஊத்திக்குங்க."

எதிர்ப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் இதைக் கேட்டும் கேட்காத மாதிரி நகர்ந்து போனார்.

இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நேர வேறுபாடு உண்டு என்பது உண்மை. சித்தப்பா சொன்னது சரியாக இருக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த வருடத்து வாக்கியப் பஞ்சாங்கத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. தேக்காவில் விசாரித்த இரண்டு கடைகளில் பழையது வைத்திருப்பதில்லை என்றார்கள். ஆகவே என் குறிப்பில் மாமனாரின் திதியை இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: தசமி, மகள் கணக்குப்படி; ஏகாதசி, தம்பி கணக்குப்படி. இரண்டு நாளும் திதி கொடுத்தது மகள். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு வாக்கியப்படி எந்தத் திதி ஓடியது என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.